குத்தும் கம்பளி மட்டமான கம்பளியா?



சென்ற மாதம் என் வகுப்பில் நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. 'மட்டம்' என்பது அச்சொல். ஆசிரியர்களாகிய நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை சொல்லும் சொல்தான். சொன்ன மறுகணமே மறந்தும் விடுகிறோம். என்னால் இம்முறை மறக்க இயலவில்லை.

பொருள்களின் மூலங்களைக் கற்பிக்கும் அறிவியல் பாடம். பருத்தி செடியிலிருந்து கிடைக்கிறது, பட்டு புழுவிலிருந்து, கம்பளி ஆட்டிலிருந்து, நெகிழி பெட்ரோலியத்திலிருந்து என்று அட்டவணை போட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும்போது வாங்கிய குளிர்ச்சட்டைகளைப் பலர் கொண்டுவந்தனர். இளஞ்சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறித்தன. ஒரு மாணவன் மட்டும் கரிய, கனத்த, ஓரம் பிரிந்த ஒரு போர்வையைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தான். தன் கொள்ளுத்தாத்தா ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கம்பளி என்றான்.

பிள்ளைகள் சுற்றிக் கூடித் தொட்டுப் பார்த்தார்கள். "டீச்சர், குத்துது!" என்று ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். "கம்பளிப்பூச்சி!" என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது. நான் வகுப்பை அமைதிப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, "இது பழைய காலத்து மட்டமான கம்பளி. நல்ல கம்பளி இப்படி மென்மையாக இருக்கும்" என்று அருகிலிருந்த ஒரு நீலக் குளிர்ச்சட்டையை எடுத்துக் காட்டினேன். மாணவன் ஒன்றும் சொல்லாமல் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார்.

சண்டைக்கு வரவில்லை. "மட்டமான கம்பளின்னு சொன்னீங்களாம் டீச்சர். ஒரு கிண்ணம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். கொடுத்தேன். மேசையின் மேல் கம்பளியை விரித்து, அதன் மேல் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார். நீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது. ஓரத்தைத் தூக்கினார்; முத்துகள் உருண்டு கீழே விழுந்தன. அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உலர்ந்திருந்தது.

தாம் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததாகவும், மழை நாள்களில் தம் தாயார் இதே கம்பளியைத்தான் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனதாகவும் சொன்னார். "உங்க நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு அந்த மழையில அரை மணி நேரம் நின்னு பாருங்க, டீச்சர்" என்று சொல்லிவிட்டு, இதன் கருமை சாயமன்று, ஆட்டின் நிறமே அதுதான் என்ற செய்தியையும் தந்துவிட்டுப் போனார். அவருடைய தந்தையாரின் ஊர் பெரம்பலூர்ப் பக்கம்.

அன்றிரவு படிக்கத் தொடங்கினேன்.

தமிழ்நாட்டில் செம்மறியாட்டு இனங்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு ஆடு என்றே தோன்றும் குட்டை மயிர் இனங்கள். கத்தரித்து நூற்கத்தக்க மயிர் அவற்றுக்கு இல்லை. கம்பளி தருவனவாக மூன்று இனங்களைச் சொல்கிறார்கள்: நீலகிரி, கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை. 'குறும்பாடு' என்ற சொல் நம் அகராதிகளில் உண்டு. ஆடு மேய்த்தும் கம்பளி நெய்தும் வாழ்ந்த குறும்பர் என்னும் மக்களோடு சேர்த்து எண்ணப்படும் சொல் அது. பிள்ளைகளுக்கு 'ஆடு' என்ற ஒரே சொல்லோடு நாம் நிறுத்திவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். அது வேறு கட்டுரைக்குரியது.

கருங்குறும்பை சிறிய ஆடு. உடல் முழுவதும் கறுப்பு. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. அதன் மயிரைப் பற்றி ஆடு வளர்ப்பு நூல்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: மிகவும் முரடானது, ரோமம் போன்றது, நெருக்கமில்லாதது. நானும் வகுப்பில் அதையேதான் வேறு சொல்லால் சொல்லியிருக்கிறேன்! அந்த ஆடு மேயும் நிலப்பரப்பு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெரம்பலூர், அரியலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, திருப்பத்தூர், தருமபுரி, கிருட்டிணகிரி. பழைய மாவட்டப் பெயர்களில் சொன்னால் திருச்சி, தென்னார்க்காடு, வடவார்க்காடு, சேலம். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களின் பட்டியலை எடுத்து இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி ஒத்துப்போகிறது. உடல் உழைப்புக்காகத் தொழிலாளரைக் கடல் கடந்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்கு முன் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய நம் முன்னோர் பலர், இந்தக் கரிய ஆடுகள் மேயும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். என் மாணவன் கொண்டுவந்த கம்பளி இந்த ஆட்டினுடையதுதான் என்று என்னால் சான்று காட்ட இயலாது. ஊர் பொருந்துகிறது, நிறமும் பொருந்துகிறது.

இனி, குத்துவதைப் பற்றி.

கம்பளி இழையின் பருமனை மைக்ரான் அளவில் கூறுவர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மெரினோ ஆட்டின் இழை பொதுவாக 24 மைக்ரானுக்குக் கீழ் இருக்கும். நம் தலைமயிர் ஏறக்குறைய 50 முதல் 100 வரை. முரட்டுக் கம்பளியில் 40 மைக்ரானைத் தாண்டிய இழைகள் மிகுதி. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழையின் நுனி தோலில் பட்டால் வளைந்து கொடுப்பதில்லை. ஊசி போல் நின்று அழுத்துகிறது. தோலுக்கு அடியிலுள்ள நரம்பு நுனி அதை உணர்கிறது. குத்துவது இவ்வளவே. இது நோயுமன்று, அழுக்குமன்று, ஆட்டின் குற்றமுமன்று. நம் முன்னோர் மயிரடர்ந்த ஒரு பூச்சிக்குக் கம்பளிப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள் என்றால், அவர்கள் அறிந்த கம்பளி எத்தகையது என்பது விளங்கும். தமிழ்நாட்டின் கம்பளி குத்தும் கம்பளியாகவே இருந்திருக்கிறது.

அந்த முரட்டு இழையின் உள்ளே என்ன இருக்கிறது? நுண்ணோக்கியில் பார்த்தால் பல இழைகளின் நடுவே தேனடை போன்ற ஒரு பகுதி தெரியும். அதில் காற்று அடைபட்டிருக்கிறது. இந்த நடுப்பகுதி இருப்பதால் இழை விறைப்பாகிறது. சாயம் சரியாக ஏறுவதில்லை. ஆகவே ஆடைத் தொழிற்சாலைக்கு அது குறை. ஆனால் விறைப்பாக இருப்பதால்தான் போர்வை உடலோடு ஒட்டிக்கொள்ளாமல் கூடாரம் போல் நிற்கிறது. சாயம் ஏறாவிட்டால் என்ன, ஆடே கறுப்பு! மேலும் எந்தக் கம்பளி இழைக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. அதன் மேற்பரப்பில் மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பதால் நீர்த்துளி எளிதில் ஒட்டாது. நீராவியை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பின்பும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். மலைச்சரிவில் காலை ஆறரைக்குக் கூடையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன தரம் வேண்டும்?

தோட்டக்காரத் துரைமார்களுக்கு இது தெரிந்திருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்க்குக் கம்பளி வழங்குவது வழக்கமாக இருந்தது. அச்சொல் சிதைந்து 'கம்ப்ளி' என்று அவர்களுடைய ஆங்கிலத்திலேயே குடியேறிவிட்டது. 1886இல் வெளிவந்த ஆப்சன்-ஜாப்சன் அகராதியிலும் அதற்குப் பதிவு உண்டு. முரட்டுக் கம்பளித் துணி என்றே அங்கும் பொருள் கூறியிருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: கம்பளியின் தரத்தை இழையின் மென்மை ஒன்றால் மட்டும் அளப்பது அறிவியலன்று. அது ஆடைச் சந்தையின் கணக்கு. அந்தக் கணக்கு தனக்குரிய இடத்தில் சரிதான். பிறந்த குழந்தைக்குச் சட்டை தைக்கக் கருங்குறும்பை மயிரை எடுப்பவர் எவரும் இலர். ஆனால் நடைகூடத்தில் விரிக்கும் கம்பளத்துக்கு மெரினோ இழையை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். கொஞ்ச நாளில் மிதிபட்டுச் சப்பையாகப் படிந்துவிடும். மிதித்த கால் எடுத்ததும் மீண்டும் நிமிர்ந்து நிற்க விறைப்பான இழை வேண்டும். இராசத்தானின் பிக்கானேர்ப் பக்கத்து ஆடுகளின் முரட்டு மயிரை இந்தியக் கம்பளத் தொழில் தேடி வாங்குவது இரக்கத்தினாலன்று.

முரட்டுக் கம்பளி என்றால் எல்லாம் ஒன்று என்றும் எண்ணிவிடாதீர்கள். அதற்குள்ளேயே நல்லதும் கெட்டதும் உண்டு. இழை நீளமாக இருக்க வேண்டும். குட்டையான, உயிரற்ற, சுண்ணாம்பு போல் வெளுத்து ஒடியும் மயிர் மிகுந்திருந்தால் நூல் நிற்காது, போர்வையிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். முதுகு மயிரோடு வயிற்று மயிரையும் கால் மயிரையும் கலந்துவிட்டால் தரம் குறையும். முள்ளும் நெருஞ்சியும் ஒட்டியிருக்கக் கூடாது. தென்னிந்தியாவில் இத்தகைய ஆடுகளுக்கு ஆண்டில் இருமுறை மயிர் கத்தரிப்பார்கள்; குட்டியின் முதல் வெட்டு மற்றவற்றைவிட மென்மையானது, அதைத் தனியே எடுத்து வைப்பார்கள். தக்காணத்து நெசவாளர்கள் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழ் தடவிக் குழித்தறியில் நெய்கிறார்கள். பசை ஏறிய நூல் உறுதியாகிறது. போர்வையும் விறைத்து மழைக்குத் தாங்குகிறது. ஆக, முரட்டு மயிரின் தரத்தை அறிந்து பிரித்த ஓர் அளவுகோல் ஊரிலேயே இருந்தது. அதை அறிந்தவர்கள் நூல் எழுதவில்லை. எழுதியவர்கள் மைக்ரானை மட்டும் எழுதினார்கள்.

இதனால் வந்த இழப்பைச் சொல்ல வேண்டும். மென்மையே மேன்மை என்று முடிவு செய்துவிட்டால், முரட்டு ஆட்டைத் திருத்தியாக வேண்டும் என்ற எண்ணம் தானே வரும். நீலகிரி ஆடே அப்படிப் பிறந்ததுதான்: 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்க் குறும்பையோடு தாசுமேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய ஆடுகள் கலந்து உருவானது. குளிர்ந்த மலையில் அது நன்றாகவே நிலைத்தது. உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அதனோடு மெரினோ, ராம்பூலே ஆடுகளை மேலும் கலந்து 'சாண்டினோ' என்ற இனத்தையும் உருவாக்கினார்கள். இதில் நான் குறை காணவில்லை. 1962இல் இராசத்தானில் செம்மறி, கம்பளி ஆராய்ச்சிக்கென்று மத்திய நிறுவனம் அமைந்த பின் நாட்டின் பல பகுதிகளிலும் மென்மையான கம்பளிக்காகக் கலப்பினப் பணிகள் நடந்தன. ஆனால் நாற்பது பாகை வெயிலில் நாளெல்லாம் நடந்து மேயும் சமவெளி ஆட்டுக்கு அடர்ந்த மென்மயிர் சுமையாயிற்று. பிறகு காற்று திசை மாறியது. கம்பளி வேண்டாம், இறைச்சி போதும் என்று தக்காண ஆட்டை மயிரில்லாத நெல்லூர் போன்ற இனங்களோடு கலந்தார்கள். பானிப்பட்டிலிருந்து பழந்துணியைப் பிரித்து நெய்த மலிவான போர்வைகள் வந்து குவிந்தன. மயிர் விற்ற பணம் வெட்டுக்கூலிக்கே போதவில்லை என்று ஆடு வளர்ப்போர் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. அவர்கள் கலப்புக் கிடாவை வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்பாட்டுக்கு மேல் அறிவுரை சொல்ல எனக்கென்ன உரிமை? இதில் ஒரு வேடிக்கை, மென்மைக்குப் பேர் போன நீலகிரி ஆடும் எண்ணிக்கை குறைந்து இன்று பாதுகாக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு முரட்டுக் கம்பளி ஆடு உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 'மாலின்' என்று பெயர். மலேசிய நாட்டினம் என்பதன் சுருக்கம். சிறிய ஆடு. ரப்பர் மரங்களுக்கு அடியில் களை மேய்வதற்கென்று தோட்டங்களில் ஆடு வளர்ப்பை ஊக்குவித்த காலத்தில் இதை டோர்செட் ஆடுகளோடு கலந்து பெரிதாக்கப் பார்த்தார்கள். அதன் மயிரை யாரும் நூற்கவில்லை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது ஆட்டுக்கே தொல்லை; கத்தரித்து எறிவதே வழக்கம். ஆகவே பார்படோஸ், சாந்தா இனேஸ் போன்ற மயிர் குறைந்த ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். இங்கு அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ரப்பர்க் காட்டின் புழுக்கத்தில் கம்பளி ஒரு குறைதான். பெரம்பலூரின் மார்கழிக் குளிரில் கிடை காவல் இருப்பவனுக்கும், கேமரன் மழையில் நிற்பவளுக்கும் அதே முரட்டுக் கம்பளி உயிர் காக்கும் பொருள். தரம் என்ற சொல்லுக்குப் பின்னால் 'எதற்கு, எங்கே' என்று கேட்காமல் எப்படி விடை சொல்வது? நம் தொழிலில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோலால் அளந்து பழகிய கை, ஆட்டு மயிரையும் அப்படியே அளந்துவிட்டது போலும்.

பாடத்தை மீண்டும் நடத்தினேன். முதலில் மாணவனிடம் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கீழே பார்த்தான். பின்னர் பொருள்களை மீண்டும் மேசையில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றையும் பார்க்கச் சொன்னேன். அப்போதுதான் ஒரு மாணவி, நான் நல்ல கம்பளி என்று தூக்கிக் காட்டிய அந்த நீலக் குளிர்ச்சட்டையின் கழுத்தில் தைத்திருந்த சீட்டை உரக்கப் படித்தாள். நூறு விழுக்காடு அக்ரிலிக்! மற்றச் சட்டைகளையும் பார்த்தோம். ஒன்றில்கூடக் கம்பளி இல்லை. எல்லாம் அட்டவணையின் கடைசி வரியில், பெட்ரோலியத்துக்கு நேரே எழுத வேண்டியவை. அன்று அந்த மேசையின் மேல் ஆட்டிலிருந்து வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதைத்தான் நான் மட்டம் என்றேன்.

பாட்டி அனுப்பியிருந்த ஓர் இழையையும் நீலச் சட்டையின் ஓர் இழையையும் வெளியே எடுத்துச் சென்று, இடுக்கியில் பிடித்து நானே எரித்துக் காட்டினேன். கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருண்டு கரியாகி விரலில் பொடிந்தது. அக்ரிலிக் உருகிக் கெட்டியான கரிய உருண்டையாயிற்று. ஆசிரிய நண்பர்கள் இதைச் செய்யும்போது பிள்ளைகளைத் தள்ளி நிற்க வையுங்கள். உருகிய துளி சுடும். நீர் ஊற்றும் சோதனையைப் பிள்ளைகளே செய்யலாம். அதற்குத் தான்தான் ஊற்றுவேன் என்று அந்த மாணவன் பிடிவாதம் பிடித்தான். விட்டுவிட்டேன்.

பாடநூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். கம்பளி என்றவுடன் பஞ்சுருண்டை போன்ற வெள்ளை ஆட்டின் படத்தைத்தான் போடுகிறோம். அதன் அருகில் ஒரு கறுப்பு ஆட்டையும் போடுங்கள். 'கம்பளி மென்மையானது' என்ற வரியைக் 'கம்பளி மென்மையாகவும் முரடாகவும் இருக்கும்' என்று மாற்றினால் போதும். கூடுதலாக ஒரு சொல்தான்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. வீட்டில் பழைய பெட்டியின் அடியில் இப்படியொரு கம்பளி கிடந்தால் சலவை இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். வெந்நீரும் சுழற்சியும் சேர்ந்தால் சுருங்கித் தடித்துப் பயனற்றுப் போகும். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல், நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள். அந்துப்பூச்சி அரித்திருக்கிறதா என்று மடிப்புகளைப் பாருங்கள். பிறகு, அது யார் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று பாட்டியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். நிறத்தையும் ஊரையும் குறித்தால் போதும். இதுவரை மூன்று கம்பளிகள் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கறுப்பு. ஒன்று வெள்ளையில் பழுப்புக் கலந்தது. அது ஈரோட்டுப் பக்கமாம்.